கிணறு வெட்டச் சாமி

(கொரிய மொழித் தேர்வுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கூடியிருந்த அவையில், தம்பலகாமத்தில் ஓர் ஆங்கில ஆசிரியை ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சில மாதங்களுக்கு முன்பு ஒருநாள், வெள்ளாமை வெட்டி முடிந்த நேரம், இரவு ஏழு மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. என்னிடம் படித்த பையன். தென்கொரியாவில் அன்சான் என்ற நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். இங்கே ஏழு மணி என்றால் அங்கே பத்தரை. "ரீச்சர், ஒரு இங்கிலீஷ் சொல்லுக்குக் கருத்துச் சொல்லுங்கோ" என்றான். கொரியாவில் இருக்கிற பிள்ளை கொரியச் சொல்லைக் கேட்காமல் ஆங்கிலச் சொல்லைக் கேட்கிறானே என்று எனக்கு ஆச்சரியம். "என்ன சொல் தம்பி?" என்றேன்.

"செரண்டிபிற்றஸ்."

அவனுடைய முதலாளியை அவர்கள் சாஜாங்நிம் என்று கூப்பிடுவார்கள். சாஜாங் என்றால் முதலாளி, நிம் என்பது நாம் ஐயா சேர்ப்பதுபோல் மரியாதைக்கு. அந்தச் சாஜாங்நிம்முடைய மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். கொரியாவில் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான பரீட்சை ஒவ்வொரு வருடமும் நவம்பர் மாதத்தில் நடக்கும். அதில் ஆங்கிலம் கேட்டு விளங்கும் பகுதி நடக்கிற அரைமணி நேரத்துக்கு, சத்தம் பிள்ளைகளைக் குழப்பக்கூடாது என்று நாடு முழுவதும் விமானங்களை ஏறவும் இறங்கவும் விடமாட்டார்கள். ஒரு நாடே மூச்சை அடக்கிக்கொண்டு தன் பிள்ளைகளை ஆங்கிலம் கேட்க விடுகிறது. அப்படியான பரீட்சைக்கு அந்தப் பிள்ளை சொற்புத்தகம் ஒன்றை வைத்து மனனம் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அது எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கும். இந்தச் சொல்லுக்குக் கீழே, இலங்கையின் பழைய பெயரிலிருந்து வந்தது என்று போட்டிருந்ததாம். உடனே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நம் பையனிடம் வந்துவிட்டாள். "அண்ணா, நீங்கள் இலங்கைதானே, இது உங்கள் சொல்தானே, விளங்கப்படுத்துங்கள்."

அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குப் பத்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். அந்தச் சொல்லை ஒருநாளும் நான் கரும்பலகையில் எழுதியதில்லை. அந்த ஒரு போனிலிருந்துதான் இன்றைய பேச்சு தொடங்குகிறது.

அந்தப் பிள்ளையின் புத்தகத்தில் கருத்து என்று கொடுத்திருந்த கொரியச் சொற்கள் இரண்டு. ஒன்று துத்பக்கே. மற்றது ஊயொன்ஹன். முதலாவதில் துத் என்றால் மனதில் நினைத்திருப்பது. பக் என்றால் வெளி. கடைசியில் வருவது நம் 'உடைய'. நினைப்புக்கு வெளியே இருந்து வந்தது, நாங்கள் சொல்கிற எதிர்பாராத. அந்தத் துத் என்ற சொல்லுக்குச் சொல்லின் பொருள் என்றும் கருத்து உண்டு, மனதின் எண்ணம் என்றும் கருத்து உண்டு. இப்போது நான் சொன்ன வசனத்தைப் பாருங்கள்: கருத்து உண்டு, கருத்து உண்டு. நமக்கும் ஒரே சொல்தான். இரண்டாவது சொல் ஊயொன்ஹன் என்பது தற்செயலான.

எதிர்பாராத, தற்செயலான. இரண்டும் பிழையில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தாலும் அந்த ஆங்கிலச் சொல்லின் பாதிதான் வரும். எதிர்பாராமல் மழை பெய்து நெல் நனைந்தால் அது செரண்டிபிற்றஸ் இல்லை. தற்செயலாக இரண்டு பேர் ஒரே நிறத்தில் சேலை கட்டி வந்தால் அதுவும் இல்லை. மீதிப் பாதியை எப்படி அந்தப் பிள்ளைக்குக் காட்டுவது? நான் பையனிடம் சொன்னேன்: "தம்பி, அகராதியை மூடு. நாம் பழமொழியில் போவோம்."

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்கிறோம். காகம் இருந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை, ஒன்றுக்கும் மற்றதுக்கும் தொடர்பில்லை. இதைச் சொன்னதும் பையன் போனிலேயே கத்தினான்: "ரீச்சர், இது இவர்களிடமும் இருக்கு!" கொரியரிடம் காகம் பறக்கப் பேரிக்காய் விழுந்தது என்று ஒரு பழமொழி. பனை இல்லாத ஊர், பேரிக்காய் வைத்துக்கொண்டார்கள். காகம் அதே காகம். ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் அதைச் சொல்வது, ஒரு பாவமும் அறியாத காகத்தின் மேல் வீண்பழி வருவதைக் காட்ட. எப்படி இருந்தாலும் இது வெறும் தற்செயல். நம் சொல் இங்கே இல்லை.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்கிறோம். அங்கே பூசணிக்காய் கொடியோடு உருண்டு வீட்டுக்குள் வந்தது என்பார்கள். இது அதிர்ஷ்டம். பாலில் விழுந்த பழத்துக்கு யாருடைய கெட்டித்தனமும் வேண்டியதில்லை. மாடு பின்னுக்கு நடக்கையில் எலியை மிதித்தது என்றும் கொரியாவில் சொல்வார்கள். மாட்டுக்கு எலியும் தெரியாது, மிதித்ததும் தெரியாது. இங்கேயும் நம் சொல் இல்லை.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. இது கொஞ்சம் கிட்ட வருகிறது, ஏனென்றால் நல்லது நடக்கிறது, வழியில் நடக்கிறது. ஆனால் அவர் கும்பிடத்தான் போனார். தேடியதே கிடைத்தது. தேடிப் போன மூலிகை காலில் சிக்கியது என்பதும் அப்படித்தான். நம் தம்பலகாம விரிகுடாவில் முன்பு சிப்பி எடுத்தார்கள், கண்ணாடிபோல் ஒளி புகும் தட்டையான சிப்பி. முத்துக்காகச் சிப்பி எடுத்தவர் கையில் முத்து வந்தால், அது உழைப்பின் பலன். அதற்கு இந்தச் சொல்லைப் போடக்கூடாது. தேடிப் போனது வேறாக இருக்கவேண்டும்.

அப்படியென்றால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது? தேடியது தண்ணீர், வந்தது வேறு. கட்டம் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் வந்தது பூதம். கெட்டதற்கு இந்த ஆங்கிலச் சொல்லைப் பாவிக்க முடியாது. பூதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்தால் சரியாகிவிடும். அப்படி வைத்த ஊர் ஒன்று இருக்கிறது. நம்முடைய ஊர்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் சொல்லின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய கப்பல்களில் அராபியரும் பாரசீகரும் இந்தத் தீவுக்கு வந்துபோன காலத்தில் அவர்கள் இதற்கு வைத்திருந்த பெயர் சரந்தீப். சிங்களத்துவீபம் என்ற வடமொழிப் பெயர் அவர்கள் வாயில் அப்படி உருண்டது என்பதுதான் சொல்வரலாறு படித்தவர்கள் ஏற்பது. சேரன் தீவு என்பதுதான் சரந்தீப் ஆனது என்று நம்மவர்கள் சிலர் சொல்வார்கள். அந்த ஆசை எனக்கு விளங்குகிறது. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஆசையைச் சான்றாக வைக்கக்கூடாது என்று நினைக்கிறேன். எந்த வழியில் வந்தாலும் அதன் பின்பாதியில் சந்தேகமில்லை. துவீபம் என்பதும் தீவு என்பதும் ஒரே சொல். நெடுந்தீவிலும் மாலைதீவிலும் இருக்கிற அதே தீவு. ஆங்கிலத்தில் செரண்டிபிற்றஸ் என்று சொல்லும்போது எந்த அசையை அழுத்திச் சொல்லவேண்டும் தெரியுமா? மூன்றாவது அசையை. செ-ரண்-டிப்-பி-ற்றஸ். அந்த டிப்தான் தீவு. எங்கோ லண்டனில் இருக்கிற ஒருவர் இந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்க வேண்டுமென்றால், நம் தீவை அழுத்திச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1557இல் வெனிஸ் நகரத்தில் இத்தாலி மொழியில் ஒரு புத்தகம் வந்தது. செரண்டிப் அரசனுடைய மூன்று இளவரசர்கள் நாடு சுற்றிய கதை. பாரசீக மொழியில் அமீர் குஸ்ரோ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூலிலிருந்து அதன் முக்கியமான கதைகள் வந்தன. அது பிரெஞ்சுக்குப் போய், 1722இல் ஆங்கிலத்துக்கு வந்தது. அதைப் படித்திருந்த ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர், 1754 ஜனவரி 28ஆம் திகதி, புளோரன்ஸ் நகரத்தில் இருந்த தன் நண்பர் ஹொரேஸ் மானுக்கு ஒரு கடிதம் எழுதினார். பழைய புத்தகம் ஒன்றில் ஒரு குலச்சின்னத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எழுதிய கடிதம். அதில்தான் செரண்டிபிற்றி என்ற சொல்லை அவர் உண்டாக்கினார். அந்த இளவரசர்கள் தேடாத பொருள்களைத் தற்செயலாலும் மதிநுட்பத்தாலும் கண்டுகொண்டே போனார்கள் என்பது அவர் கொடுத்த விளக்கம். கவனியுங்கள்: தற்செயல், மதிநுட்பம். இரண்டு கால். கொரிய அகராதி விட்டுவிட்ட மீதிப் பாதி அந்த இரண்டாவது கால்தான்.

கடிதம் 1833 வரை அச்சேறவில்லை. அதற்குப் பிறகும் சொல் நெடுங்காலம் புத்தகப் பிரியர்களின் வாயில் மட்டும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில்தான் அது தெருவுக்கு வந்தது. பெயர்ச்சொல்லாகப் பிறந்த அதற்கு செரண்டிபிற்றஸ் என்ற உரிச்சொல் வடிவம் அமைந்ததும் அந்த நூற்றாண்டில்தான்.

மூன்று இளவரசர்களின் கதையில் ஓர் ஒட்டகம் வரும். வழியில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் அவர்களைச் சந்திக்கிறான். ஒட்டகத்தைப் பார்த்திராத அவர்கள், அதற்கு ஒரு கண் குருடா, ஒரு பல் இல்லையா, ஒரு கால் நொண்டியா என்று கேட்கிறார்கள். பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருந்தது. மென்ற புல்லில் ஒரு பல் அளவுக்குத் துண்டு விழுந்திருந்தது. நான்காவது காலடி மண்ணில் இழுபட்டிருந்தது. இதைக் கேட்டு உங்களில் சில பெரியவர்கள் தலையாட்டுவது தெரிகிறது. எங்கள் அம்மம்மா இந்தக் கதையை எனக்குச் சொல்லியிருக்கிறா. அவ சொன்னதில் இளவரசர்கள் இல்லை, நாலு பேர். ஒட்டகத்துக்கு வால் கட்டை. வயிற்று வலியும் இருந்தது. நுளம்பு கடித்த இடத்தில் சிந்திய இரத்தத் துளிகள் வழிநெடுகக் கிடந்தன, வால் நீளமாக இருந்தால் விசிறித் துரத்தியிருக்குமே என்று ஒருவன் சொல்வான். முன்னங்கால் ஆழமாகப் பதிந்திருக்கிறது, பின்னங்கால் மண்ணில் மெதுவாகப் பட்டிருக்கிறது, வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறது என்று இன்னொருவன். அது அலகேச கதை என்று தமிழில் வழங்கிய நாலு மந்திரி கதை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பண்டித நடேச சாஸ்திரி அதைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். வால்போல் தன் கடிதத்தில் ஒட்டகத்தை மறந்து கோவேறு கழுதை என்று எழுதிவிட்டார். என் அம்மம்மா மறக்கவில்லை.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கதை யாருக்கும் சொந்தமில்லாமல் பல மொழிகளில் ஊர் சுற்றியது. நான் சொல்வது, அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கிற மதிநுட்பம் என்ன என்பதை நம் வீட்டுத் திண்ணையில் நமக்கு ஏற்கெனவே சொல்லித்தந்துவிட்டார்கள் என்பது. மண்ணில் கிடந்த இரத்தத் துளியைக் கண்டவர் எத்தனையோ பேர். அதிலிருந்து வாலின் நீளத்தை எடுத்தவன் ஒருவன். 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் கிருமி வளர்த்து விட்டுப்போன தட்டில் பூஞ்சணம் பிடித்தது. பூஞ்சணம் பிடித்த தட்டைக் கழுவி வைப்பதுதான் வழக்கம். அவர் பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமிகள் அழிந்து தெளிவாகக் கிடந்த வட்டத்தைப் பார்த்தார். பெனிசிலின் அப்படி வந்தது. செரண்டிபிற்றஸ் டிஸ்கவரி என்று ஆங்கிலத்தில் எழுதினால் இதைத்தான் சொல்கிறார்கள். டிஸ்கவரி, மீற்றிங், ஃபைண்ட் என்ற மாதிரிச் சொற்களோடு அது இயல்பாக நிற்கும். பரீட்சையில் குத்துமதிப்பாகப் போட்ட விடை சரியாக வந்தால் அதற்குப் பக்கத்தில் நிற்காது. அது லக்கி.

இப்போது இலக்கணத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் எனக்கு உங்களிடம் மிகவும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

இங்கே இருக்கிற பிள்ளைகள் பலர் ஈபிஎஸ் என்ற வேலை அனுமதித் திட்டத்தின் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். 2004இல் கொரியா அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோதே சேர்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அன்று தொடக்கம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வழியாக நம் பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். வகுப்பில் உங்களில் சிலர் சிங்களத்தில் விளக்கம் கேட்டு, அதை ஆங்கில எழுத்தில் குறித்து, பிறகு வீட்டில் தமிழில் யோசித்துப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று வீட்டுக்குள்ளால் சுற்றி நாலாவது வீட்டுக்குப் போகிற பாதை. நேர்ப்பாதை ஒன்று இருக்கிறது.

கொரியத்தில் கடலுக்குப் பாதா என்று பெயர். ஆங்கில எழுத்தில் அதை பீ ஏ டீ ஏ என்று எழுதிப் படிப்பவர் முதல் எழுத்தைப் பிழையாகச் சொல்வார். தமிழில் பாதா என்று எழுதிவிட்டால் நீங்கள் ஒன்றும் யோசிக்காமலே சரியாகச் சொல்வீர்கள். முதலில் வருகிற ப வன்மையாக, நடுவில் வருகிற த மென்மையாக. பாதி என்று சொல்லிப் பாருங்கள், அதேதான். கொரியரும் நம்மைப்போல ஒரே எழுத்தைத் தொடக்கத்தில் ஒருமாதிரியும் உயிர்களுக்கு நடுவில் ஒருமாதிரியும் ஒலிக்கிறார்கள். அப்பா என்று நாம் ஒற்றுப் போட்டு அழுத்துகிற இடத்தில் அவர்களும் எழுத்தை இரட்டித்து எழுதுகிறார்கள். சொல்லே அப்பாதான்.

எல்லோரும் உதட்டில் ஒரு விரலை வையுங்கள். பசு என்று சொல்லுங்கள். உதடு குவிகிறது, இல்லையா? இப்போது காசு என்று சொல்லுங்கள். கடைசி எழுத்து ஒரே சு. ஆனால் உதடு குவியவில்லை. பசுவில் இருப்பது முற்றியலுகரம், காசில் இருப்பது குற்றியலுகரம். ஒன்பதாம் வகுப்பில் இதைப் படித்தபோது எதற்கு இது என்று கேட்டீர்கள். இதற்குத்தான். காசில் உதடு குவியாமல் வருகிற அந்த உகரத்துக்குக் கொரியத்தில் தனியாக ஒரு எழுத்தே இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் மாதக்கணக்காகப் பழகியும் பிடிபடாத ஒலி அது. உங்கள் வாயில் பிறந்த நாள் முதல் இருக்கிறது. அந்த எழுத்தின் வடிவம் ஒரே ஒரு கிடைக்கோடு. 1446இல் சேஜோங் மன்னர் தன் மக்கள் எல்லோரும் எழுதப் படிக்கவேண்டும் என்று புது எழுத்து முறையை வெளியிட்டபோது, தட்டையான நிலத்தைக் குறித்து அந்தக் கோட்டை வைத்தார். நாம் கிராமத்தில் பஸ்ஸை பஸ்சு என்பதுபோல அவர்களும் பொசு என்பார்கள். செரண்டிபிற்றஸைச் சொன்னாலும் கடைசியில் அந்த உகரம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிள்ளைக்கும் நமக்கும் ஒரே வகைக் கஷ்டம், ஒரே வகைத் திருத்தம்.

அடுத்தது உரிச்சொல். ஆங்கிலத்தில் பிக் என்ற சொல் தனியாக நிற்கும், வீடு பெரிது என்று சொல்ல நடுவில் ஓர் இஸ் போடவேண்டும். கொரியத்தில் குதா என்றால் பெரிது. குன் என்றால் பெரிய. பெரிது என்பது நமக்குக் குறிப்பு வினைமுற்று, பெரிய என்பது குறிப்புப் பெயரெச்சம். நன்னூல் படித்த பிள்ளைக்குக் கொரிய உரிச்சொல் புதுச் சாமான் இல்லை. இஸ் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. ஆகையால் ஆங்கிலத்தில் இஸ்ஸை விட்டுவிட்டு எழுதுகிற பிழையும் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.

குன் சொல்லிவிட்டேன். அபொஜி என்றால் அப்பா, மரியாதையாக. குன் அபொஜி என்றால் யார்? சொல்லுங்கள். ஆம், பெரியப்பா. அப்பாவின் அண்ணன். சின்ன என்பதற்கு அவர்கள் சொல்வது சாகுன். சாகுன் அபொஜி சித்தப்பா. ஆங்கிலத்தில் எல்லோரும் அங்கிள். முதன்முதலாக இதைக் கேட்டபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் சியோலில் இருந்து கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அது சரிதான். அம்மா அப்பா ஒத்திருப்பதை வைத்து உறவு கொண்டாட நானும் வரவில்லை. உறவு இல்லாமலே இரண்டு வீட்டுக் கூரையும் ஒரேமாதிரி வேய்ந்திருக்கலாம். அந்தக் கூரையின் கீழ் வளர்ந்தவருக்கு மற்ற வீட்டில் தலை இடிக்காது என்பதுதான் எனக்கு வேண்டியது.

முன்பு சொன்ன ஊயொன்ஹன் நினைவிருக்கிறதா? தற்செயலான. அதையே தற்செயலாக என்று மாற்ற ஊயொனி என்பார்கள். நாம் பெயரோடு ஆன சேர்த்தால் பெயரெச்சம், ஆக சேர்த்தால் வினையடை. அவர்கள் ஹன் சேர்த்தால் அது, ஹி சேர்த்தால் இது. ஆங்கிலத்தில் செரண்டிபிற்றஸ், செரண்டிபிற்றஸ்லி. இதைக் கரும்பலகையில் மூன்று நிரலாக எழுதிப் போட்டால் கொரியப் பிள்ளைக்கும் விளங்கும், நம் பிள்ளைக்கும் விளங்கும். அன்றிரவு நான் அதைத்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். வகுப்புக்குப் போகும்போது தமிழை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள், பிள்ளைகளே. அதை உள்ளே கொண்டுபோங்கள்.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன்.

1622க்குப் பிறகு போர்த்துக்கீசர் திருகோணமலையில் சாமிமலை மேல் நின்ற கோணேசர் கோயிலை இடித்ததையும், கல்லைக் கொண்டுபோய்க் கோட்டை கட்டியதையும், பூசகர்கள் திருவுருவங்களை மறைத்ததையும், அதன் தொடர்ச்சியாக இங்கே ஆதிகோணேஸ்வரர் எழுந்ததையும் தம்பலகாமத்தில் நின்று நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் எனக்குச் சொல்லவேண்டும். மூன்று நூற்றாண்டுக்கு மேல் சில திருவுருவங்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் இருந்தன. 1950இல் திருகோணமலை நகரசபை தண்ணீருக்காக ஒரு கிணறு வெட்டுவித்தது. வெட்டியவர்களின் மண்வெட்டியில் உலோகம் தட்டியது. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி. மண்ணை வழித்துப் பார்த்து, இது பழைய பித்தளைச் சாமான் இல்லை, இது கோணேசர் கோயிலுடையது என்று கண்டுகொள்ள அந்த ஊரில் ஆட்கள் இருந்தார்கள். அந்த நினைவு இல்லாத ஊராக இருந்திருந்தால் அவை இரும்புக் கடைக்குப் போயிருக்கும். 1963இல் மலையில் மீண்டும் எழுந்த கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

அதற்கு முன்பு, 1956இல், எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலுக்கடியில் படம் பிடிக்க வந்து, சாமிமலையின் கீழே மூழ்கிக் கிடந்த கோயில் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். பிறகு கிளார்க் இந்த நாட்டிலேயே தங்கிவிட்டார். 1977இல் தன் நூல் ஒன்றின் தலைப்பிலேயே செரண்டிப் என்ற பழைய பெயரை வைத்தார். ஒரே பாறையை அண்டி, மண்ணிலும் கடலிலும், ஆறு வருடத்துக்குள் இரண்டு தடவை. செரண்டிபிற்றஸ் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சொல் பிறந்த தீவிலேயே நடந்திருக்கிறது.

இந்தக் கிணற்றுக் கதையை அன்றிரவு போனில் நான் சொல்ல, பையன் கொரியத்தில் சாஜாங்நிம்முடைய மகளுக்குச் சொன்னான். நடுவில் அவனுக்கே சொற்கள் தட்டுப்பட்டன. கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நாள் அவள் மூன்று வசனம் எழுதி அனுப்பியிருந்தாள். பரீட்சையில் செரண்டிபிற்றஸ் புள்ளி எடுத்தேன் என்பது முதலாவது. அது லக்கி என்று திருத்தினேன். தொலைந்த பஸ் அட்டையைத் தேடி, செரண்டிபிற்றஸாகக் கண்டெடுத்தேன் என்பது இரண்டாவது. தேடியதுதானே கிடைத்தது என்று எழுதினேன். மூன்றாவது இது: மழை நாளில் குடை தேடி அப்பாவின் களஞ்சிய அறைக்குள் போனேன், பெட்டியின் அடியில் ஒரு பழைய கணக்குப் புத்தகம், எண்களின் சாய்வைப் பார்த்ததும் அது இறந்துபோன என் பாட்டியின் கை என்று கண்டுகொண்டேன், அது ஒரு செரண்டிபிற்றஸ் ஃபைண்ட்.

அதைத் திருத்த எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பையன் அவளுடைய சொற்புத்தகத்தின் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பியிருந்தான். ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில், அகராதி கொடுத்த இரண்டு கருத்துகளுக்கும் கீழே, பென்சிலால் ஒரு வரி. கிணறு வெட்டும்போது சாமி வந்தது என்று கொரியத்தில் எழுதியிருந்தாள். அதன் முன்னால், கிணறு என்ற நம் சொல்லைக் கொரிய எழுத்தில் கேட்டபடியே எழுதியிருந்தாள். கடைசி அசையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உதடு குவிகிற ஊகாரத்தை அவள் போடவில்லை. ரகரத்தின் கீழே ஒரு கிடைக்கோடு.